சித்திர வரலாறுகளும் நம் சிறுவரும்

பெரியோர் வரலாற்றை இளையோர்க்கு எடுத்துரைத்தல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் அடியார் வரலாறுகளைக் காப்பியமாகப் பாடினார். அவற்றை ஆறுமுக நாவலர் 1852 இல் உரைநடையாக்கி, எளியோரும் கற்க வழி செய்தார். அப்பணியை நம் காலத்தில் சித்திர நூல்கள் மேற்கொண்டுள்ளன. அவற்றுள் பெயர் பெற்றது, அனந்த பை 1967 இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை. தொலைக்காட்சி வினாவிடைப் போட்டியொன்றில், கிரேக்கப் புராணத்தை அறிந்திருந்த இந்திய இளைஞர் இராமனின் தாய் யாரென்று கூறமாட்டாது நின்றமை கண்டே அவர் இதில் இறங்கினார் என்பர்.

இந்நூல்களின் நன்மையை மறுத்தல் தகாது. எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படும் தோட்டத்துப் பிள்ளையும் படத்தைப் பற்றிக்கொண்டு பக்கத்தைக் கடந்துவிடுகிறது. லயத்து அறையின் மங்கிய விளக்கொளியில் ஒரு நூலை முழுமையாக முடித்தோம் என்னும் மகிழ்ச்சி சிறிதன்று. ஆயினும், குறை யாது என ஆராய்தலும் ஆசிரியர் கடனாகும்.

ஏழாந்தர மாணவி ஒருத்தி காந்தியடிகளின் சித்திர வரலாறு ஒன்றை என்னிடம் கொணர்ந்து, ஊர்வலப் படத்தைக் காட்டி, "சேர், இவருக்குப் பின்னால் வாறவங்களுக்கு ஏன் கண்ணும் மூக்கும் இல்லை?" என வினவினாள். யான் உடனே விடை கூறிற்றிலேன். நாயகன் முகத்தைத் தெளிவுறத் தீட்டிய ஓவியர், ஏனையோரைப் புள்ளிகளாக நிறுத்திவிட்டார்.

அப்புள்ளிகள் யாவர்? 1913 இல் நேற்றாலிலிருந்து திரான்சுவாலை நோக்கி அடிகளோடு நடந்தோர் ஆடவர் 2,037, பெண்டிர் 127, குழந்தைகள் 57 என அடிகளே கணக்குத் தந்துள்ளார். அவருள் ஒப்பந்தக் கூலிகளாய்க் கடல் கடந்த தமிழர் பலர். மூன்று பவுண் தலைவரியை எதிர்த்தவர்கள். கங்காணிமார் நம் முன்னோரை இம்மலைகளுக்கு அழைத்து வந்ததும் அதே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தே. சிறையில் நோயுற்று, விடுதலையான சின்னாட்களில் 1914 பெப்ரவரி 22 இல் பதினாறு வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையை அடிகள் தம் நூலிற் பெயர் சுட்டிப் போற்றினார். அடிகள் கொடுத்த முகத்தை ஓவியர் அழித்தல் முறையோ?

இன்னொரு குறையும் உண்டு. இத்தகைய நூல்கள் பலவற்றில் நாயகர் பிறக்கும்போதே பெரியோராய்ப் பிறக்கின்றனர். அடிகளோ தாம் இளமையிற் பொன் திருடியதையும், அதனைத் தந்தைக்கு எழுதி ஒப்புக்கொண்டதையும் சத்திய சோதனையில் மறையாது உரைத்தார். பிழை செய்து திருந்திய பெரியோனையே பிள்ளை பின்பற்ற இயலும். பிழையே அறியாதவனை வணங்கத்தான் இயலும்.

முப்பத்திரண்டு பக்கத்தில் ஆயிரம் முகங்களை எங்ஙனம் வரைவது எனச் சிலர் வினவலாம். ஆயிரம் வேண்டா, இரண்டொன்று போதும். 1931 இல் அற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்த கோ. நடேசையரின் வாழ்வை ஒருவர் சித்திரமாக்குவாராயின், தோட்டந்தோறும் பாடி மக்களைத் திரட்டிய மீனாட்சியம்மைக்கு அதில் இடம் வேண்டும். பாட்டைக் கேட்டு நின்ற கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்கேனும் கண்ணும் மூக்கும் வேண்டும். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் பொலிசாரின் குண்டுபட்டு மாண்ட கோவிந்தனும் அத்தகையோர் நடுவிலிருந்து வந்தவரே.

இது நம் மரபுக்கு மாறன்று. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தனியடியாரோடு தொகையடியார் ஒன்பதின்மரையும் வைத்துப் பாடினார். பெயர் அறியாத கூட்டத்தையும் வணக்கத்துக்குரியதாகக் கண்ட மரபு நம்முடையது. சித்திர வரலாறு வரைவோர் அம்மரபை நினைவிற் கொள்வாராக. அதுவரை, படத்திலுள்ள புள்ளிகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தல் வகுப்பறையில் நிற்கும் நம் கடனாகும்.