லேட்டாக வந்தவர் யார்?

ஜோகூர் பாருவில் பெண்கள் நலச் சொற்பொழிவு ஒன்றுக்குப் போயிருந்தேன். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவைப் பற்றிய பேச்சு. கீஹோல் அறுவை, ஊசி, ஸ்கேன் என்று படம் படமாகக் காட்டினார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, “இவ்வளவு வசதி இருந்தும் ஏன் டாக்டர் சில பேர் சாகும் நிலைக்குப் போறாங்க?” என்று கேட்டார். பதில் நான் எதிர்பார்த்ததுதான்: “லேட்டா வர்றாங்க.” இந்த ஒரு வரியோடுதான் எனக்குப் பல வருட வழக்கு.

சிகிச்சையில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. 1883-இல் பர்மிங்ஹாமில் லாசன் டெய்ட் வயிற்றைத் திறந்து வெடித்த கருக்குழாயை வெட்டியெடுக்கும் வரை, இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். இன்று மூன்று சிறு துளைகளில் வேலை முடிகிறது. குழாயை எடுத்துவிட்டால் பிள்ளை பிறக்காதே என்று மாமியார்கள் பதறுவதற்கும் அவசியமில்லை. மற்றக் குழாய் நன்றாக இருந்த பெண்களை வைத்து ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2014-இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் இயல்பாகக் கருத்தரித்தவர்கள், குழாயைக் காப்பாற்றிய தரப்பில் நூற்றுக்கு 61, எடுத்த தரப்பில் 56. பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை என்றே ஆய்வாளர்கள் முடித்தார்கள். மெத்தோட்ரெக்சேட் ஊசியும் நல்லதுதான். ஆனால் அது குழாய் வெடிக்காமல், ஹார்மோன் அளவு குறைவாக உள்ளவருக்கு மட்டும். நான்காம் நாளும் ஏழாம் நாளும் ரத்தச் சோதனைக்கு வர வேண்டும். பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த இரண்டு நாள் எப்படிக் கிடைக்கும் என்பதைச் சொற்பொழிவில் யாரும் தொடவில்லை.

தாய்மார் மரணத்தைக் குறைத்ததில் மலேசியாவுக்குப் பெயர் உண்டு. 2003-இல் உலக வங்கி நம்மையும் இலங்கையையும் முன்மாதிரியாக வைத்துப் புத்தகமே போட்டது. தாய்மார் மரணங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கும் ரகசிய ஆய்வு 1991 முதல் நடக்கிறது. கிளினிக்கில் கர்ப்பிணியின் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டி யாரை எங்கே அனுப்புவது என்று பிரிக்கிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் ஏற்பாடே கண் விழிக்கிறது. குழாய்க் கர்ப்பம் ஆறாவது, எட்டாவது வாரத்திலேயே வெடித்துவிடக்கூடும். புத்தகம் போடுவதோ பல பேர் பத்து வாரத்துக்கு மேல். கர்ப்பம் என்றே தெரியாதவளுக்கு நிறம் ஒட்டுவது யார்? அவள் முதலில் போய் நிற்கும் வாசல் கம்பெனியின் பேனல் கிளினிக், இல்லாவிட்டால் தோட்டத்து டிரெசர். அங்கே அவளுக்குக் கிடைக்கும் நிறம் ஒன்றே ஒன்று. வெள்ளைத் தண்ணி மருந்து.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி. இருபத்து நான்கு வயது, திருமணம் ஆகவில்லை, விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவள். ஒரு திங்கட்கிழமை அடிவயிற்று வலி, இரண்டு முறை வாந்தி, பேதி. ஒரு தனியார் கிளினிக்குக்கு அம்மாவோடு போனாள். “பீரியட் ஒழுங்கா வருதாம்மா?” என்று டாக்டர் கேட்டார். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். பெண் தலையாட்டினாள். போன வாரம் கொஞ்சம் ரத்தம் போனதை அவளும் மாதவிலக்கு என்றே நினைத்திருந்தாள். கேஸ்ட்ரிக் என்றார்கள். இரண்டு நாள் எம்.சி. மறுநாள் தோள்பட்டை நுனியில் வலி. அம்மா கோடாலித் தைலம் தேய்த்தாள். வயிற்றில் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்கும் என்பது தைலத்துக்குத் தெரியாது. புதன் இரவு கழிப்பறையில் விழுந்தாள்.

அந்த டாக்டரை முட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது அறியாமை அல்ல, கூச்சம். கல்யாணமாகாத பெண்ணை, அதுவும் தாய் முன்னால், அதற்கு மேல் எப்படிக் கேட்பது? இந்தக் கூச்சத்தை நம் ஆள்கள் பண்பாடு என்கிறார்கள். நான் அதை வேலையைத் தட்டிக்கழிப்பது என்கிறேன். அவள் பொய் சொன்னாள் என்று வாதிடுகிறவர்களுக்கு ஒன்று: கேள்வியே தேவையில்லை. சிறுநீர்ச் சோதனைக்குச் சில வெள்ளி செலவு, சில நிமிட நேரம். இனிப்புநீர்க்காரர்களுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் எடைக்கருவி பக்கத்திலேயே அடுக்கியிருந்தது. பிரிட்டனின் தாய்மார் மரண விசாரணைகள் வாந்தியும் பேதியும் இந்நோயை மறைத்துவிடுவதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டின. பிறகு அங்கே வழிகாட்டியிலேயே எழுதிவைத்தார்கள்: குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணிடம் தெளிவில்லாத அறிகுறி இருந்தாலும் கர்ப்பத்தை நினை, சோதனை செய்.

“சோதனை என்றாலே குடும்பம் சண்டைக்கு வரும்” என்று ஒரு மருத்துவ நண்பர் என்னிடம் சொன்னார். வரும்தான், ஒருத்தியை மட்டும் தனியே பிடித்துக் கேட்டால். வயிற்று வலி என்று வரும் பெண்கள் எல்லாரிடமும், ரத்த அழுத்தப் பட்டை கட்டுவதுபோல, சம்மதம் கேட்டுக் கிண்ணத்தை நீட்டினால் யார் மீது சந்தேகம், யாருக்கு அவமானம்? முடிவைச் சொல்லும்போது மட்டும் அம்மாவை வெளியே உட்கார வைத்தால் போதும். நண்பர் சிரித்துவிட்டு, எங்களுக்கு நேரம் ஏது என்றார். நேரம்! மெர்சிங் போன்ற ஊரிலிருந்து ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர். ரத்தம் கசியும் பெண்ணை ஆம்புலன்ஸில் படுக்கவைத்து அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இளம்பெண்ணின் உடம்பு கடைசிவரை ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டு, பிறகு ஒரே சரிவாகச் சரியும்.

எங்கள் பெண் பிழைத்தாள். அன்றிரவே இடது குழாயை எடுத்தார்கள். வார்டில் அவள் கைப்பையைத் துழாவியபோது கிளினிக்கின் மாத்திரைப் பொட்டலம் கிடைத்தது. சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று எழுதி, மேலே திங்கட்கிழமைத் தேதி. கட்டில் காலடியில் தொங்கிய தாளில், வியாழன் தேதியிட்டு, தாமதமாக வந்தார் என்று எழுதியிருந்தது.