உளமாரவா, உளமாறவா?

திருமண மண்டப வாயிலில் ஒரு வாழ்த்துப் பதாகை. ‘மணமக்களை மனமாற வாழ்த்துகிறோம்’ என்று முழ உயர எழுத்தில் பொறித்திருந்தனர். படித்தவர் இருவர் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தனர். நாமும் உடன் சிரித்தோம், பின்னர் நாணினோம். பிழை இன்னதென எழுதியவரிடம் எடுத்துரைக்க நம்மில் ஒருவரும் முன்வரவில்லையே!

ஆர்தல் என்பது நிறைதல். மனமார என்றால் மனம் நிறைய என்று பொருள். மனமாற என்றாலோ மனம் வேறுபட என்று பொருள். 1967-இல் அண்ணா தலைமையில் பொறுப்பேற்ற அமைச்சர்கள், ஆண்டவன் பெயரால் ஆணையிடாமல் ‘உளமார’ உறுதி கூறினர். பகுத்தறிவின் பெருமிதம் ததும்பும் அச்சொல்லை இன்று சுவரொட்டிகளில் ‘உளமாற’ என்று காணும்போது நெஞ்சு சுடுகிறது. மாறியது ஓர் எழுத்து, ஆடிப்போனதோ உறுதி!

பிழை கண்டு சினப்பதும் எள்ளுவதும் தமிழ்ப்பற்று எனச் சிலர் கருதுகின்றனர். எவரை எள்ளுகின்றனர்? தலைமுறை தலைமுறையாய்ப் பள்ளி வாயில் அடைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து, முதன்முதல் எழுதுகோல் பிடித்து வந்தவனை! ஏட்டைப் பூட்டி வைத்தது ஒரு காலம். எழுத வந்தவனை ஏளனத்தால் விரட்டுவது இக்காலமா?

வகுப்பில் ஒரு மாணவன் ‘சுவற்றில்’ என்று எழுதினான். ஏன் என்றோம். “கிணறு, கிணற்றில், வயிறு, வயிற்றில், அதுபோலத்தான் ஐயா” என்றான். அவன் அறிவிலியா? இல்லை, ஒப்புமை கண்டு சிந்தித்தவன். சுவர் என்பது ‘று’வில் முடியவில்லை, ஆதலால் சுவரில் என்பதே சரி என்றோம். சுவறுதல் என்றால் வற்றுதல் என்றதும் அவனே சிரித்துவிட்டான். மறுமுறை அவன் பிழை செய்யவில்லை. பார்த்து, சேர்த்து என்னும் பழக்கத்தால் ‘கோர்த்து’ என்பாரும் இப்படித்தான். சொல் கோ, ஆகவே கோத்து. பதறு என்பதிலிருந்து பிறப்பது பதற்றம், ‘பதட்டம்’ அன்று. எள்ளின் நெய் எண்ணெய், ‘எண்ணை’ அன்று. அருகுதல் குறைதலாதலின், ‘அருகாமை’ குறையாமையைக் குறிக்குமேயன்றிப் பக்கத்தைக் குறிக்காது. அருகில் என்றாலே போதும். காரணம் சொன்னால் எவருக்கும் விளங்கும். காரணம் சொல்லாமல் குட்டுவது பழைய திண்ணைப் புத்தி. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று புலவர்களே மாறுபடும் இடத்திலும் குட்டக் கை ஓங்குவது அதனினும் கொடுமை!

இனி, மறுபுறம் நிற்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். “மொழி மாறும், எழுத்தைப் பெரியாரே மாற்றவில்லையா?” என்று கேட்டுத் தம் கவனக்குறைவுக்குக் காப்புத் தேடுகின்றனர். 1935-இல் ‘குடி அரசு’ ஏட்டில் பெரியார் மாற்றியது எழுத்தின் உருவை. னை, லை போன்றவற்றின் தும்பிக்கை வளைவை நீக்கினார். கற்பவன் சுமையைக் குறைத்தார். ஒலியும் பொருளும் இம்மியும் சிதையவில்லை. 1978-இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. அஃது ஆராய்ந்து, அறிவித்து, காரணம் காட்டிச் செய்த சீர்திருத்தம். மனமாரவை மனமாறவாக்குவதில் என்ன ஆராய்ச்சி? யாருடைய சுமை குறைந்தது? சீர்திருத்தம் வேறு, சீர்கேடு வேறு!

பிறமொழிச் சொல் புகுந்தால் கொதிக்கிறோம். ‘ஸ்ரீ’யை அகற்றித் ‘திரு’வை அரியணையேற்றினோம். அந்தத் தமிழை நம் பதாகையிலேயே பிழைபட எழுதுவது முறையா? அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பதற்கு என்ன செலவு?

படித்தோரே, சிரிப்பை அடக்கிக் காரணத்தைக் கூறுங்கள். எழுதுவோரே, ஐயம் எழுந்தால் கேட்க அஞ்சாதீர்கள். இலக்கணம் எவர் வீட்டுத் தனிச்சொத்தும் அன்று. நாமும் அடுத்த மண்டப வாயிலில் நின்று சிரிக்கப் போவதில்லை. உள்ளே சென்று, எழுதியவர் யாரெனக் கேட்டு, அவர் அருகில் அமர்வோம்.