துடிக்கும் முகமும் நம் இலக்கியமும்

ஆணுக்கு வலக்கண் துடித்தால் நன்மை, இடக்கண் துடித்தால் தீமை. பெண்ணுக்கோ அது தலைகீழ் என்று நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். இவ்வழக்கம் வீட்டினின்று இலக்கியத்திற்குப் போயிற்றா, இலக்கியத்தினின்று வீட்டிற்கு வந்ததா என்பது ஆராய்ச்சியாளருக்குரிய விஷயம். நமது கேள்வி வேறு. துடிக்கின்ற கண்ணைக் குறியாகப் படித்த நம் இலக்கியம், துடிக்கின்ற முகத்தையுடைய மனிதரை ஏறெடுத்துப் பார்த்ததா என்பதே அது.

முதலில் பழைய நூல்களுக்கு நியாயம் செய்வோம். கலித்தொகையின் பாலைக்கலியில், பாலை பாடிய பெருங்கடுங்கோ படைத்த தலைவி, பிரிந்துபோன தலைவன் திரும்புவான் என்பதற்குப் பல்லி ஒலித்ததையும் தன் இடக்கண் துடித்ததையும் சான்றாகக் காட்டுகிறாள். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் கண்ணகிக்கு இடக்கண் துடிக்கிறது. மாதவிக்கு வலக்கண் துடிக்கிறது. கம்பனுடைய சுந்தர காண்டத்தில் அசோகவனத்துச் சீதை, தனக்கு இடம் துடிப்பதைத் திரிசடையிடம் சொல்லுகிறாள். வடமொழியில் காளிதாசனும் துஷ்யந்தன் அவையில் நின்ற சகுந்தலையின் வலக்கண்ணைத் துடிக்க வைத்தான்.

இவற்றைக் கண்டவுடன் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அது விமர்சனமாகாது. கம்பன் செய்திருப்பதைப் பாருங்கள். இராமன் முனிவனோடு மிதிலைக்கு வந்த நாளில் இடம் துடித்தது; நாட்டைத் தம்பிக்கு விட்டுக் கானகம் புகுந்த நாளில் வலம் துடித்தது; இராவணன் வஞ்சகமாய் வந்த நாளிலும் வலம் துடித்தது; இன்றோ இடம் துடிக்கிறது என்று சீதை கணக்குச் சொல்லுகிறாள். சிறையிருப்பவளுக்குச் செய்தி கொண்டுவருவார் ஒருவருமில்லை. ஆதலால் அவள் தன் உடம்பையே தூதாக்கிக் கொள்ளுகிறாள். இங்கே நாம் காண்பது சாத்திரமன்று. தனிமையில் கிடந்த ஒரு பெண்ணின் மனம்.

இளங்கோவடிகளோ இன்னும் ஆழமாகப் போகிறார். கண்ணகிக்கு நேர்ந்தது நன்னிமித்தம் என்று உரை கூறுவர். அந்த நன்மை யாது? பிரிந்த கணவன் திரும்பி வந்தான். வந்தவனோடு அவள் மதுரைக்கு நடந்தாள். அங்கே அவன் வெட்டுண்டான். நிமித்தத்தைச் சொன்ன புலவரே அதன் பொய்ம்மையையும் அடுத்தடுத்த காதைகளில் காட்டிவிட்டார் என்பது நமது துணிபு.

ஆகவே குற்றம் புலவர் மீதன்று. புலவன் அடுத்த படலத்தில் நடக்கப்போவதை அறிந்து எழுதுகிறவன். அங்கம் துடிக்கும் பலன் என்று பஞ்சாங்கத்தில் அச்சிடுகிறவனோ அடுத்த நாழிகையில் நடப்பதையும் அறியான். காவியத்தில் அழகாயிருந்த ஒரு வழக்கைப் பிடுங்கிக் காலணாப் புத்தகமாக்கி வீட்டுக்கு வீடு விற்றதே குற்றம். மேலும், புலவர் கண்டது இமையின் சிறு துடிப்பு. உறக்கமின்மை, களைப்பு, அதிகமான காப்பி, தேநீர் முதலியவற்றால் எவருக்கும் வருவது. சில நாளில் தானே அடங்குவது. அடங்காத துடிப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றியே இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவர் அதனை ஒருபக்க முகத்துடிப்பு நோய் என்பர். பெரும்பாலும் நடுவயதில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. கீழிமையில் சிறிதாகத் தொடங்கி, மாதங்களிலோ ஆண்டுகளிலோ கன்னத்திற்கும் வாயோரத்திற்கும் இறங்கும். கண் தானே மூடிக்கொள்ளும். வாய் ஒருபுறம் இழுக்கும். மனத்தை அடக்கினால் அடங்காது, உறக்கத்திலும் விடாது. காரணம் கிரகமுமன்று, செய்வினையுமன்று. முகத்தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு மூளையின் அடித்தண்டை விட்டு வெளிப்படும் இடத்தில், இரத்தக் குழாய் ஒன்று வளைந்து அதன்மேல் படிகிறது. ஒவ்வொரு நாடித் துடிப்பிற்கும் அது நரம்பை இடிக்கிறது. நாளடைவில் நரம்பின் மேலுறை தேய்ந்து, கட்டளையில்லாமலே தசைகள் துடிக்கின்றன. 1875இல் ஜெர்மானிய மருத்துவர் ஷூல்ட்ஸே, இந்நோயோடு இறந்த ஒருவரின் தலைக்குள் புடைத்த இரத்தக் குழாயொன்று முகநரம்பை அழுத்தியிருந்ததைக் கண்டு எழுதினார். 1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா, நுண்பெருக்கிக் கருவியின் துணையால் அக்குழாயை நரம்பினின்று விலக்கும் இரண சிகிச்சையை வளர்த்தார்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பல மருத்துவமனைக் கணக்குகளில் இந்நோய் இடப்பக்கத்திலேயே சற்று மிகுந்து காணப்படுகிறது. பெண்ணுக்கு இடக்கண் துடிப்பது நன்மை என்பது மெய்யானால், இந்நோயுற்ற பெண்களைவிடப் பாக்கியசாலிகள் உலகில் இருக்க முடியாது! நாளொன்றுக்கு நூறு நன்மை அவர்கள் வாயிற்படியில் வந்து குவிய வேண்டும். வந்து குவிவதோ வேறு.

கேமரன் மலையை நினைத்துப் பாருங்கள். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலை; 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது முதல் தமிழரின் வியர்வை விழுந்த மலை. இம்மலையில் ஒரு பெண்ணுக்கு இத்துடிப்பு வந்ததென்று வைத்துக்கொள்வோம். பிரிஞ்சாங் சந்தையில் ஓர் ஆடவன் எதிரில் அவள் கண் தானே மூடித் திறக்கிறது. அவன் ஒன்று நினைக்கிறான். அருகில் நிற்பவள் அதைவிட அதிகமாக நினைக்கிறாள். வீட்டிலே காற்றுப் பட்டிருக்கிறது என்று மந்திரிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். கலியாண வீடுகளுக்கு அவள் போவதை நிறுத்துகிறாள். முந்தானையால் முகத்தை மறைக்கிறாள். மருத்துவரிடம் போவதற்குள் ஆண்டுகள் சில கழிந்துவிடுகின்றன. உயிரைக் கொல்லாத நோய் மானத்தைக் கொல்லுகிறது.

தோட்டத்து வாழ்வைச் சொன்ன நம் எழுத்து இதைக் கண்டதா? புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் இழிவை எழுதியது. வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி, அங்கே மருத்துவராயிருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாகியிருக்கிறது. கூட்டம் கூட்டமாக மக்களைக் கொன்ற காய்ச்சலை அது சொல்லுகிறது. இவை பெரிய காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் இவ்விலக்கியத்தின் கண் கொல்லும் நோயின் மேலேயே நிலைத்தது. கொல்லாமல் குறுகவைக்கும் நோய்க்கு அதில் இடம் கிடைக்கவில்லை. நாடகத்திலும் திரைப்படத்திலும் கிடைத்த இடமோ கேவலமானது. முகம் இழுக்கிறவன் அங்கே வில்லன், அல்லது விகடன்.

சிகிச்சையைப் பற்றிய திரைப்பட வழக்கு அதைவிடப் பொய்யானது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணையும். மருத்துவர் வெளியே வந்து தலையசைப்பார். கட்டவிழ்க்கும் காட்சியில் எல்லாம் நேராகிவிடும். மணியடிக்கும், கதை முடியும். மெய்யான தேறுதல் அக்காட்சிக்குப் பின்னரே தொடங்குகிறது. அதை எழுதத் துணியாத எழுத்து நோயாளியை மருத்துவமனை வாயிலிலேயே கைவிட்டுவிட்ட எழுத்து என்போம்.

தேறுதல் எப்படியிருக்கிறதென்று பாருங்கள். காதுக்குப் பின்னே மண்டையோட்டில் ஒரு நாணயமளவு துளை. அதன் வழியே இரத்தக் குழாயை விலக்கி, இடையில் டெப்லான் பஞ்சு வைக்கிறார்கள். கண் விழித்தவுடன் தலைவலி, குமட்டல், சுழற்சி. சிலருக்கு அன்றே துடிப்பு நின்றுவிடுகிறது. சிலருக்கு நின்றது சில நாளில் மீண்டும் தலைகாட்டிப் பிறகு மெல்ல ஓய்கிறது. நெடுநாள் இடிபட்ட நரம்பு தன்னைத் திருத்திக்கொள்ள வாரங்களும் மாதங்களும் கேட்கிறது. ஆகவே முடிவு கூறுமுன் ஓராண்டு வரை பொறுக்கச் சொல்லுவர். பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு நற்பயன் கிட்டுகிறது. எஞ்சியவரையும் மறைக்கக்கூடாது. சிலருக்கு அப்பக்கத்துக் காது மந்தமாகலாம். சிலருக்கு இரண்டாம் வாரத்தில் முகம் தளர்ந்து, பின்னர் பெரும்பாலும் தேறும். மூக்கிலோ காயத்திலோ தெளிந்த நீர் வடிந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். எல்லாருக்கும் கத்தி தேவையென்பதுமில்லை. மூன்று நான்கு மாதத்திற்கொருமுறை போட்யூலினம் ஊசி போட்டுத் துடிப்பை அடக்கி வாழ்கிறவர் பலர்.

இப்பொழுது அந்தத் தேறுதலை மலைக்குக் கொண்டுவாருங்கள். தானா ராத்தாவிலே அரசாங்க மருத்துவமனை உண்டு. ஆயினும் மூளையைத் திறக்கும் சிகிச்சைக்குக் கோலாலம்பூர் போன்ற பெருநகருக்கு இறங்க வேண்டும். தலைச்சுற்றல் தீராதவளைத் தாப்பாவிலிருந்து மேலேறும் வளைவுப் பாதை என்ன பாடுபடுத்தும்! வீடு வந்தவள் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. தேயிலை வேலையோ குனிவதும் பாரம் சுமப்பதுமே; கூடை போய்க் கத்திரியும் இயந்திரமும் வந்தபின்னும் கொழுந்து மூட்டையின் எடை குறைந்துவிடவில்லை. நான்கு வாரமோ ஆறு வாரமோ அவள் வேலையை யார் செய்வது? கூலி எப்படி? நான்காம் நாள் மீண்டும் துடித்தால், "பார்த்தாயா, தெய்வத்திற்குச் செய்யாததால் வந்தது" என்று சொல்லும் வாயை யார் அடக்குவது? இரவில் மூடுபனி இறங்கும் நேரத்தில், கண்ணாடி முன் நின்று, இன்று எத்தனை முறை என்று அவள் எண்ணுகிறாள். அசோகவனத்தில் ஒருத்தி எண்ணியதுபோலவே இவளும் எண்ணுகிறாள். அவளுக்கு எழுதக் கம்பன் இருந்தான், இவளுக்கு யார்?

எழுத்தாளத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நிமித்தத்தைத் திட்டிப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட, ஒரு நோயாளியின் ஓராண்டை உண்மையாய் எழுதுங்கள். அற்புதமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். காதின் பின்னுள்ள தழும்பையும், திரும்பிவந்த துடிப்பையும், சமையலைப் பார்த்துக்கொண்ட அக்காளையும், முதன்முறையாக முந்தானையை விலக்கிக்கொண்டு சந்தைக்குப் போன நாளையும் உள்ளவாறு எழுதினாலே போதும். அக்கதையைப் படித்த ஒருத்தி தாயத்தை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போவாளானால், நூறு மேடைப் பிரசங்கங்களால் ஆகாதது அதனால் ஆகிவிடும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் லயத்திலோ தெருவிலோ ஒருவருடைய முகம் துடிப்பதைக் கண்டால், எந்தக் கண், எந்தப் பக்கம் என்று பலன் பார்க்காதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். "எத்தனை நாளாயிற்று? மருத்துவரிடம் போனீர்களா? நாளைக்கு நான் கூட வருகிறேன்" என்று கேளுங்கள்.