பக்கத்து வீட்டு எண்

பழைய இணையத்தின் மீது இப்போது ஒரு மோகம் வந்திருக்கிறது. நட்சத்திரப் பின்னணி, கண் சிமிட்டும் எழுத்து, 'வேலை நடக்கிறது' என்று மண் அள்ளிக்கொண்டே இருக்கும் ஜிஃப் ஆசாமி. இதையெல்லாம் நேரில் பார்த்தே இராத தலைமுறை, 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸில் கணக்குத் திறந்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கொண்டாடி நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் சுவரின் வண்ணத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த வீட்டுக்கு ஒருத்தர் எப்படி வழி கண்டுபிடித்து வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் விஷயம்.

ஜியோசிட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே இலவசமாகப் பக்கம் திறக்க வருபவர் முதலில் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவியல் புனைவுக்கு 'ஏரியா 51', சினிமாவுக்கு 'ஹாலிவுட்', கணினிக்கு 'சிலிக்கான் வேலி'. பிறகு காலியாக இருக்கும் ஒரு கதவு எண். அந்த எண் முகவரியிலேயே இருக்கும். 4217 என்று முடியும் பக்கத்தைப் படித்துவிட்டு, முகவரியில் 4218 என்று மாற்றித் தட்டினால் பக்கத்து வீடு. ஒன்றைக் கூட்டு, அவ்வளவுதான். நிரல் எழுதுபவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இதைவிட எளிய, நேர்மையான கண்டடைதல் கருவி ஒன்று எனக்குத் தெரியாது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே அதில் இல்லை.

1999இல் யாஹூ அதை வாங்கியது. புதிதாக வருபவர்களுக்குப் பயனர் பெயரிலேயே முகவரி கொடுத்தார்கள். பேட்டையும் கதவு எண்ணும் போயின. நிர்வாகத்தின் கண்ணுக்குச் சின்ன மாற்றம். அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது 2009 அக்டோபரில் என்பார்கள். என்னைக் கேட்டால் பேட்டை போன அன்றே பாதி உயிர் போய்விட்டது.

மூடுவதற்கு முன்னால் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு முடிந்ததையெல்லாம் நகலெடுத்தது. அந்தக் குவியலை வைத்துக்கொண்டு கலைஞர்கள் ஒல்யா லியாலினாவும் டிராகன் எஸ்பென்ஷீடும் 2013 முதல் ஒரு காரியம் செய்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் அந்தக் காலத்து நெட்ஸ்கேப் உலாவியில் திறந்து, திரைப்படமாகப் பிடித்து, வரிசையாக வெளியிடுவது. மணிக்கணக்கில் பார்க்கலாம். செத்துப்போன நாய்க்கு எழுதிய அஞ்சலியும் ஒரு நடிகைக்குக் கட்டிய கோயிலும் அடுத்தடுத்து வரும். ஆனாலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. படத்தைச் சொடுக்க முடியாது. அடியில் 'என் நண்பர்கள்' என்று நீலத்தில் நாலு பெயர் தெரிகிறது; விரல் அதன் மேல் போய் நின்றுவிடுகிறது. பக்கம் முழுதாக இருக்கிறது, அதன் வாசல் மட்டும் சித்திரமாகிவிட்டது. இது லியாலினாவுக்குத் தெரியாததல்ல. அன்றைய பக்கங்களில் சுட்டிப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்று 2005இலேயே எழுதியவர் அவர்தான்.

அந்த நாலு பெயர் அலங்காரமே அல்ல, அதுவும் எழுத்து. ஜஸ்டின் ஹால் என்ற கல்லூரி மாணவர் 1994இல் தொடங்கிய தளம், தனிமனிதத் தளங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதன் பெயரிலேயே 'லிங்க்ஸ்' உண்டு. தன் வாழ்க்கையைப் பச்சையாக எழுதியவர், கூடவே போகத்தக்க இடங்களையும் சொல்லிக்கொண்டே போனார். 1995இல் சேஜ் வைல் என்ற பதின்வயதுப் பையன் வெப்ரிங் செய்தான் (பின்னாளில் செஃப் என்ற சேமிப்பு மென்பொருளை எழுதிய அதே ஆள்தான், நம்மில் சிலர் தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறோம்). ஒரே ஆர்வமுள்ள தளங்கள் கைகோத்து ஒரு வளையம்: முந்தையது, அடுத்தது, ஏதாவது ஒன்று. வளையத்தில் யாரைச் சேர்ப்பது என்று ஒரு மனிதர் படித்துப் பார்த்து முடிவு செய்வார். அதற்குப் பெயர் விமர்சனம் இல்லாமல் வேறென்ன?

அப்புறம் கூகுள். 1998இல் இரண்டு ஆய்வு மாணவர்கள் முன்வைத்த யோசனையின் சாரம் இதுதான்: யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று எண்ணினால் எது முக்கியம் என்று தெரியும். அதாவது, இந்தப் பைத்தியக்காரர்கள் ராத்திரி கண் விழித்துக் கையால் போட்டு வைத்த சுட்டிகள்தான் அதன் மூலதனம். அந்தத் தேடல் நன்றாக வேலை செய்யவே, 'எதுக்குச் சுட்டி, தேடினா கிடைச்சிடும்ல' என்று ஆகிப்போனது. எண்ணுவதற்கு மதிப்பு வந்ததும் சுட்டியை விற்க ஆரம்பித்தார்கள். விளை நிலத்தை அறுவடைதான் கெடுத்தது.

இன்றைய மாற்றுகளில் எனக்குப் பிடித்தது மார்ஜினாலியா. ஸ்வீடனில் விக்டர் லோவ்கிரென் என்ற ஒற்றை ஆள் 2021இல் தன் வீட்டுக் கணினியில் ஓட விட்ட தேடுபொறி. எழுத்து அதிகமுள்ள, கண்காணிப்பு நிரல்கள் இல்லாத தளங்களை மேலே கொண்டுவரும். இதில் ஒரு சாய்வு உண்டு: கட்டுரைக்காரர்களுக்கு நல்லது, படம் வரைபவர்களுக்கும் குட்டி விளையாட்டு செய்பவர்களுக்கும் அவ்வளவு இல்லை. ஆனால் ஒரு தளத்துக்கு 'ஒத்த தளங்கள்' காட்டும் வசதி அருமை. இதைச் சுட்டுபவர்கள் வேறு எதையெல்லாம் சுட்டுகிறார்கள் என்று கணக்கிட்டுத் தருகிறது. கதவு எண் திரும்பி வந்த மாதிரி. யாரும் சுட்டாத தளத்துக்கு மட்டும் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கேதான் நம் கதை வருகிறது. 2004இல் வந்த தமிழ்மணம் இல்லையென்றால் தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றுக்கு வாசகரே கிடைத்திருக்க மாட்டார்கள். ஆனால் திரட்டி என்பது நேர வரிசை. இன்றைய பதிவு மேலே, நேற்றையது கீழே, போன வாரத்தது காணோம். அதற்கு எதிர்த்தட்டில் இருந்தது வலைப்பதிவுகளின் ஓரப்பட்டை. 'நான் வாசிப்பவை' என்று பத்துப் பெயர், வருடக்கணக்கில் அப்படியே. இப்போது தமிழில் எழுதுபவர்களின் தளங்களுக்குப் போனால், நான் பார்த்தவரை, சொந்த நூல்களை வாங்கத்தான் சுட்டி இருக்கிறது. சக எழுத்தாளர் ஒருவரின் தளத்துக்கு வழி இல்லை. பாராட்டெல்லாம் ஃபேஸ்புக்கில் போட்டு, மறுநாள் ஓடையோடு போய்விடுகிறது.

நான் புதுத் தளம் ஒன்றில் இறங்கினால் 'என்னைப் பற்றி' பக்கத்தை விட்டுவிட்டு இந்த ஓரப்பட்டையைத்தான் தேடுவேன். 2008 வாக்கில் கைவிடப்பட்ட வலைப்பதிவுகளில் இன்னமும் இருக்கிறது. பாதிப் பெயர்கள் திறக்காது. திறக்காத முகவரியை நகலெடுத்து வேபேக் மெஷினில் ஒட்டினால், சில சமயம் முழுப் பக்கமும் வரும். அதன் ஓரத்தில் இன்னொரு பத்துப் பெயர்.