பழவேற்காட்டுப் பாதிரியாரும் பத்மநாபனும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கும்மிடிப்பூண்டியிலிருந்து என் நண்பரின் மகள் பொன்னேரியில் என் வீட்டுக்கு வந்தாள். நண்பர் அங்கே தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் பிட்டர். பெண் பி.எட். படித்தவள். டான்சானியாவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் ஆசிரியையாக இருக்க அவளுடைய சபையார் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாகிவிட்டது. மாங்காய் ஊறுகாயை எப்படிக் கட்டினால் விமானத்தில் எண்ணெய் கசியாது என்பது ஒன்றுதான் வீட்டில் இன்னும் தீராத பிரச்னை.

"மாமா, எல்லாம் ரெடி. வழியில படிக்க ஒரு புஸ்தகம் சொல்லுங்க. என்னை மாதிரி ஊழியத்துக்கு வெளிதேசம் போனவங்க எழுதினதா இருந்தா நல்லாயிருக்கும்" என்றாள்.

நான் எந்தச் சபையையும் சேர்ந்தவன் அல்ல. காலேஜில் இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தவனும் அல்ல. ஆனால் புஸ்தகம் எது என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவளிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகளை அவள் ஏற்கெனவே நாலைந்து படித்திருந்தாள். நானும் சில படித்திருக்கிறேன். அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே அச்சுத்தான். சிறு வயதில் அழைப்பு வரும். தாய் கண்ணீர் விடுவாள். கப்பல், புயல், காய்ச்சல். பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைசியில் கல்லறை. அவர்களுடைய தைரியத்தையும் தியாகத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. நாவலாசிரியன் என்ற முறையில் எனக்குள்ள குறை வேறு. இந்தப் புஸ்தகங்களில் அந்த ஊர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகவே போகிறார்கள். ஒருவராவது வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசுவதில்லை. நாற்பது வருஷம் ஓர் ஊரில் இருந்தவர் எழுதிய புஸ்தகத்தில், அந்த ஊரில் ஒரு மனிதருக்காவது பெயர் இருக்க வேண்டாமா?

அப்படிப் பெயர் இருக்கிற ஒரு புஸ்தகம் உண்டு. அது பிறந்த இடம் லண்டனும் அல்ல, ஆப்பிரிக்காவும் அல்ல, எங்கள் பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கு அதுதான் தலைநகர். இன்று கோட்டை மண்மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு, வருகிறவர்களை வரவேற்பதுபோல நிற்கின்றன. அந்தக் கோட்டைக்குப் பாதிரியாராக வந்தவர்தான் ஆபிரகாம் ரோஜர். அந்தக் கல்லறைகளில் அவருடையது இல்லை. அவர் ஊர் திரும்பிப் போய் இறந்தவர்.

அவரும் ஒரு தயாரிப்போடுதான் வந்தார். ஹாலந்தில் லெய்டன் நகரத்தில் 1622-இல் ஒரு பாடசாலை திறந்தார்கள். கீழைத் தேசங்களுக்குப் போகிற பாதிரிமாரைத் தயார் செய்வதே அதன் வேலை. வலேயுஸ் என்ற பேராசிரியர் தம் வீட்டிலேயே மாணாக்கர்களை வைத்துப் பாடம் சொன்னார். செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. பத்து வருஷந்தான் நடந்தது. ஒரு டஜன் பேர்போலத்தான் அதிலிருந்து வெளிவந்தார்கள். ரோஜர் அவர்களில் ஒருவர். மிளகுக்கும் துணிக்கும் கப்பல் விட்ட கம்பெனி வேதாந்தத்துக்கும் பணம் கட்டியது. அதே கம்பெனி அந்த நூற்றாண்டில் இதே கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி படேவியாவுக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்தே நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். பாதிரியாரின் சம்பளமும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தது.

லெய்டனில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, போன இடத்தில் என்ன பேச வேண்டும் என்பது. எப்படிக் கேட்க வேண்டும் என்பதை எந்தப் பாடசாலையிலும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. அதை அவர் பழவேற்காட்டில் கற்றுக்கொண்டார். 1630-களின் தொடக்கத்தில் வந்து 1642 வரையில் சுமார் பத்து வருஷம் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவர் அவருக்குப் பழக்கமானார். பத்மநாபனுக்கு டச்சு தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது போர்த்துக்கீஸிய பாஷை. இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷையில் உட்கார்ந்து, அவர் கேட்க இவர் சொல்லி, இவர் சொல்ல அவர் எழுதி, ஒரு புஸ்தகம் உருவாயிற்று. ரோஜர் படேவியா போய், 1647-இல் ஊர் திரும்பி, 1649-இல் இறந்துவிட்டார். 1651-இல் லெய்டனில் அந்தப் புஸ்தகம் வெளிவந்தது. 'மறைந்து கிடக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த கதவு' என்பதுபோல் அதற்கு ஒரு நீளமான தலைப்பு.

எனக்கு டச்சு தெரியாது. ஆங்கிலத்தில் வந்த சுருக்கத்தையும், அறிந்தவர்கள் எழுதியவற்றையும் வைத்துத்தான் பேசுகிறேன். தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே வசை குறைவு. பிராமணர்கள் காலையில் எழுந்தது முதல் என்ன செய்கிறார்கள், கல்யாணம் எப்படி நடக்கிறது, கணவன் இறந்தால் மனைவியின் கதி என்ன, கோவிலில் என்ன திருவிழா, உயிர் உடலை விட்ட பிறகு எங்கே போகிறது என்று எண்ணுகிறார்கள் என்றெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ரோஜருக்குத் தம் மதத்தில் அசையாத நம்பிக்கை. மற்றது தவறு என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் தவறு என்று சொல்வதற்கு முன்னால் அது என்ன என்று தெரிந்துகொள்ளும் பொறுமை அவருக்கு இருந்தது. விமரிசகர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற எங்களில் பலருக்கு அது இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், பத்மநாபனின் பெயரை அவர் மறைக்கவில்லை. இதை எனக்கு இன்னார் சொன்னார் என்று எழுதினார். புஸ்தகத்தோடு பர்த்ருஹரியின் சுபாஷிதங்களையும் சேர்த்தார். பத்மநாபன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது அது. ஐரோப்பிய பாஷை ஒன்றில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கியம் அதுவே என்கிறார்கள். கீதை ஆங்கிலத்தில் வந்தது 1785-இல். அதற்கு 134 வருஷம் முன்னால் பர்த்ருஹரி பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிவிட்டார். 1663-இல் அது ஜெர்மன் பாஷைக்குப் போயிற்று. பின்னால் ஹெர்டர் அதைப் படித்து, 1792-இல் அதிலிருந்து பல வாசகங்களைத் தம் நடையில் எழுதி வெளியிட்டார். ஏரிக்கரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

பர்த்ருஹரி பாடியது மூன்று சதகங்கள்: நீதி, சிருங்காரம், வைராக்கியம். ரோஜரின் புஸ்தகத்தில் இரண்டுதான் உண்டு. சிருங்காரத்தைப் பத்மநாபன் பெயர்த்துக் கொடுக்கவில்லை. எனக்கு இந்தப் புஸ்தகத்தில் மிகவும் பிடித்த இடம், எழுதப்படாத இந்த இடம்தான். வெள்ளைக்காரப் பாதிரியார் எதிரே உட்கார்ந்திருக்கிறார். காதல் கவிதைகளை அவரிடம் சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? அல்லது, இவ்வளவு சொன்னது போதும், இது ஒன்று நமக்கே இருக்கட்டும். பத்மநாபனின் மனசில் ஓடியது எதுவோ, கதைக்காரனாகிய நான் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் சொல்ல மறுக்கிற உரிமை உள்ள ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் தெரிகிறது. கற்பிக்க வந்தவர் முன்னால் அவர் கைகட்டி நிற்கவில்லை.

குறையும் உண்டு. ரோஜர் திறந்தது ஒரு கதவை. அதுவும் அக்கிரகாரத்துக் கதவு. பழவேற்காட்டில் நெசவாளிகள் இருந்தார்கள், முஸ்லிம் வியாபாரிகள் இருந்தார்கள், ஏரியில் வலை போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய சேதியும் பத்மநாபனின் வாய் வழியாகத்தான் வருகிறது, அவர்கள் பேசுவதில்லை. ஒருவரைக் கேட்டு ஒரு தேசத்தை எழுதிவிடலாம் என்ற நினைப்பு நல்லவர்களுக்கும் வருகிறது.

இப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பல வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு நாவலுக்காகப் பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் இரண்டு நாள் தங்கினேன். விடியற்காலையில் கரையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம், "ஏன் பெரியவரே, ஏரிக்குப் போகலையா?" என்று கேட்டேன். "இன்னைக்கு எங்க பாடு இல்லீங்க" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. இவருடைய வாழ்க்கையில் பாடு இல்லாத ஒரு நாள்! துன்பத்துக்கே ஒரு விடுமுறை! நாவலில் ஓர் அத்தியாயத்தின் முடிவாகவே அதை வைத்தேன். பத்திரிகையில் ஒரு விமரிசகர் அந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டிப் பாராட்டவும் செய்தார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் குப்பத்து இளைஞன் ஒருவன் எனக்குக் கடிதம் எழுதினான். பாடு என்றால் கஷ்டம் அல்ல. எந்தக் குப்பத்தார், எந்த நாளில், ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அந்த ஏரியில் பாடு என்று பெயர். ஒருவருக்கொருவர் அடித்துக்கொள்ளாமல், எல்லார் வீட்டிலும் உலை கொதிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் நியாயம் அது. கிழவர் என்னிடம் சொன்னது ஒரு சட்டம். நான் அதைப் பெருமூச்சாக்கிவிட்டேன். என் தாய்பாஷையில், என் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது இது. அந்தக் கிழவரின் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. ரோஜர் என்னைவிட எவ்வளவோ மேல்.

பெயர் கேட்டுக்கொள்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே மரியாதை இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஸீகன்பால்க், ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பக்தர்களின் கையில் தயாரானவர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்து, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிக் கற்றார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்களுடைய பதில் கடிதங்களை மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். ஹாலேயிலிருந்த பிராங்கே அதை அச்சிட ஒப்பவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாரே என்பது அவர் கட்சி. அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அது அலமாரியில் கிடந்தது. அனுப்புகிறவர்களுக்கு வேண்டியது எண்ணிக்கை. போனவர் அனுப்பியது மனிதர்கள்.

நம்மவர்களும் போயிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த அஸரியா, 1909-இல் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனார். அவருக்கு அது அந்நிய பாஷை, அந்நிய ஊர். அடுத்த வருஷம் எடின்பரோ மகாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளின் முன்னால் எழுந்து நின்று, எங்களுக்கு நீங்கள் எத்தனையோ கொடுத்தீர்கள், நட்பைக் கொடுக்கவில்லையே என்ற பொருளில் பேசினார். கேட்கிற இடத்தில் இருந்து பார்த்தவர் ஆகையால் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ நான் இன்னும் தயாராகலைன்னு சொல்றீங்களா மாமா? எனக்கு ஸ்வாஹிலியில நாலு வார்த்தைகூடத் தெரியாது" என்றாள்.

பேச்சு எப்படியோ அவளுடைய மாலை வகுப்புக்குத் திரும்பியது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் குடியிருக்கும் தகரக் கொட்டகைகளில், அவர்களுடைய குழந்தைகளுக்கு இரண்டு வருஷமாகச் சாயங்காலத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறாள். முதல் நாள் அவள் பேசிய ஹிந்தியைக் கேட்டு வகுப்பு முழுவதும் சிரித்ததாம். ஏழு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, அவள் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கிக்கொண்டு, தன் ஊரில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வார்கள் என்று காட்டினாளாம்.

"அந்தக் குழந்தை பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. பெயரைச் சொன்னாள், அவளுடைய தம்பியின் பெயரையும், அவர்கள் ஊரின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

பழைய புஸ்தகம் எதுவும் அவளுக்கு அவசரமில்லை என்று எனக்குத் தோன்றிற்று. ஒரு கோடு போட்ட நோட்டுப் புஸ்தகம் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.