ஆறு வெள்ளைப் பொட்டு

மழை விட்ட மறுநாள், முள்ளுக்காட்டுச் செம்மண்ணில் ஆறுபுள்ளித் தரைவண்டு ஓடுவதைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம். மைக்கறுப்பு உடம்பில் ஆறு வெள்ளைப் பொட்டு: தலைக்குப் பின்னால் இரண்டு, முதுகில் நான்கு. தரைவண்டுக் குடும்பத்தில் சுமார் 40,000 இனங்கள் உண்டு. என் கண்ணுக்கு இதுவே பேரழகு.

இது பறக்காது. அதற்கெல்லாம் சேர்த்து ஓடுகிறது. அரிவாள் போன்ற தாடையால் மற்றப் பூச்சிகளைக் கவ்வித் தின்னும். கையில் எடுத்துவிடாதீர்கள்: பின்புறத்திலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். சில எறும்புகளிடம் இருக்கும் அதே அமிலம்தான். கண்ணில் பட்டால் பொறுக்க முடியாது. அந்தப் பொட்டுகள் அலங்காரம் மட்டுமல்ல, 'கிட்டே வராதே' என்ற அறிவிப்பும்தான்.

இந்த அறிவிப்பைக் கடன் வாங்கிய ஆளும் தென்னிந்தியப் புதர்க்காட்டிலேயே இருக்கிறது. சருகுக்கடியில் வாழும் ஒரு கரப்பான். கறுப்பு உடல், ஏழு வெள்ளைப் பொட்டு. வண்டைப் போல வேடமிட்டு அது பிழைக்கிறது என்பது பூச்சியியலாளர் கருத்து. நான் முதலில் பார்த்தபோது ஏமாந்தேன். குனிந்து பொட்டுகளை எண்ணிய பிறகுதான் தெளிந்தது.