இல்லாதவரும் இருப்பவரும்: அமோஸ் கித்தாயின் இரு படங்கள்

இஸ்ரேலியத் திரைப்பட இயக்குநர் அமோஸ் கித்தாய் 1950ஆம் ஆண்டு ஹைஃபா நகரில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் பயின்ற கட்டடக் கலைஞர். மகனும் அத்துறையையே கற்றார். 1973ஆம் ஆண்டுப் போரில் அவர் மீட்புப் பணியாற்றிய ஹெலிகாப்டர் சிரிய ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அவர் உயிர் பிழைத்தார். போர் அனுபவமே அவர் கலையின் ஊற்றுக்கண் என்று கூறுவது எளிது. எனினும், கட்டடக் கலைஞரின் பார்வையே அவருக்குக் கூடுதல் வலிமை தந்தது என்பது நம் கருத்து.

1980இல் அவர் உருவாக்கிய 'வீடு' எனும் ஆவணப்படம் இதற்குச் சான்றாகும். மேற்கு ஜெருசலேமிலுள்ள ஒரு வீடே அதன் களம். 1948வரை அது ஒரு பாலஸ்தீன மருத்துவருக்குச் சொந்தமாக இருந்தது. பின்னர் அவர் 'இல்லாதவர்' எனச் சட்டத்தால் கருதப்பட, வீடு அரசின் வசமாயிற்று. 1956இல் அல்ஜீரியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தினர் அதில் வாடகைக்குக் குடியேறினர். பிறகு ஒரு பேராசிரியர் அதனை வாங்கி விரிவுபடுத்த முற்படுகிறார். அதற்குக் கல் செதுக்குவோரோ பாலஸ்தீனத் தொழிலாளர். இவர்கள் அனைவரையும் இயக்குநர் பேசவைக்கிறார். சட்டம் 'இல்லாதவர்' என்றவரைப் படம் நம்முன் இருப்பவராக்குகிறது. இஸ்ரேலியத் தொலைக்காட்சி இதனை ஒளிபரப்ப மறுத்தது வியப்பன்று. 1998இலும் 2006இலும் அவர் அதே வீட்டைப் பற்றி மீண்டும் படமெடுத்தார்.

2000இல் வெளிவந்த 'கிப்பூர்' அவருடைய போர் அனுபவத்தின் திரைவடிவம். கதைத்தலைவனுக்குத் தம் குடும்பத்தின் பழைய பெயராகிய வெய்ன்ராப் என்பதையே சூட்டியுள்ளார். காயமுற்றவனைச் சுமந்து வீரர்கள் சேற்றில் தடுமாறும் நீண்ட காட்சி, வீரப்புகழ்ச்சிக்குச் சிறிதும் இடந்தராதது. ஆயினும், எதிர்த்தரப்பு மனிதர் ஒருவரேனும் இதில் உருப்பெறவில்லை. மீட்புப் படைவீரன் கண்டது அவ்வளவே எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. சான்றுரைப்பவன் தான் காணாததைப் புனையலாகாது. ஆனால், 'வீடு' படத்தில் கித்தாய் தாம் கண்டதோடு நின்றாரல்லர். காணப்படாதவரைத் தேடிச் சென்றார். அத்தேடல் 'கிப்பூர்' படத்தில் இல்லை.

ஆகவே, போரின் துயரைக் காட்டியவர் என்ற அளவில் மட்டும் கித்தாயை மதிப்பிடுவது குறையுடையதாகும். ஒரு சுவரை நோக்கி, இதனை எழுப்பியவர் யார், இழந்தவர் யார் எனக் கேட்டதே அவர்தம் தனிச்சிறப்பு. அவ்வகையில் 'வீடு' படமே அவருடைய தலையாய படைப்பு என்பது நம் முடிவு.